மெர்சி சொன்ன பெயர்கள்

ஜூன் 15, ஞாயிறு

இங்கிலாந்தில் ஒரு சின்னக் கடற்கரை ஊரில் நர்ஸாக இருக்கும் என் தங்கை மெர்சி, இன்று முதன்முறையாகச் சுற்றுலாப் பயணிகளுக்கு அந்த ஊரைச் சுற்றிக் காட்டினாள். அவள் தோழி போனைப் பிடித்திருக்க, இங்கே அல்சூர் வீட்டில் நானும் அம்மாவும் வீடியோ காலில் பார்த்தோம்.

கலங்கரை விளக்கத்தையும் கடலுக்குள் நீளும் மரப்பாலத்தையும் காட்டிக் கதை சொன்னாள். "வெளியூர்க்காரி நம் ஊர்ச் சரித்திரம் சொல்வதா?" என்று உள்ளூர்க் கிழவர் ஒருவர் முணுமுணுத்தார். மெர்சி நேராக, புயலில் கப்பல்காரர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கியவர்களின் நினைவுக்கல்லுக்கு நடந்தாள். கல்லைப் பார்க்காமலே எல்லாப் பெயர்களையும் சொன்னாள்.

கிழவர் தொப்பியைக் கழற்றினார். "கடைசியாகச் சொன்னாயே, அவர் என் தாத்தா" என்றார்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியாது. விளக்கிச் சொன்னேன்.

"நம்ம அல்சூர் ஏரிய யாரு வெட்னாங்கன்னு கேளு, முழிப்பா" என்றாள்.

சொன்னவள்தான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, இன்னும் மெர்சி புராணம் பாடிக்கொண்டிருக்கிறாள்.