கூடைக்கயிற்றின் மேல் போட்ட பழி

1981 பெப்ரவரி 1, ஞாயிறு
காலையில் உறைபனி, பிறகு நல்ல வெயில். ஹட்டன் சந்தை. திரும்பும் பஸ்ஸில் இடது செருப்பைக் காணோம். கழன்றதே தெரியவில்லை. இது இரண்டாவது. கால் மரத்துப் போகிறது. உச்சந்தலை மேடும் பெருத்திருக்கிறது, சரியாகத் தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு படும் இடம். லயத்தில் பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா தடவிப் பார்த்தாள். "கயிறு அழுத்துனா அப்படித்தான்டி. எனக்குப் பள்ளம், ஒனக்கு மேடு." மூன்று வருசமாக நானும் கயிற்றைத்தான் திட்டுகிறேன். நாளை டிஸ்பென்சரிக்குப் போயே ஆகவேண்டும் என்கிறார் வீட்டுக்காரர்.

பெப். 12, வியாழன்
கொழும்பு ஆஸ்பத்திரி. புழுக்கம். கழுத்தில் மருந்து ஏற்றிப் படம். டொக்டர் சிங்களத்தில் சொன்னதை வீட்டுக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார். மூளையை மூடிய சவ்வில் கட்டி. புற்றுநோய் இல்லை. மண்டை எலும்பு அதனால்தான் தடித்ததாம். கயிறு பாவம்! ஆனால் கட்டி உச்சியில் ஓடும் பெரிய இரத்தக்குழாய்க்குள் புகுந்து, கழுத்துவரை இறங்கியிருக்கிறது.
"அங்க கை வச்சா ஆபத்தாம். அத உட்டுட்டு, காலக் கெடுக்கிற துண்ட மட்டும் எடுப்பாங்களாம்."
"குழாய் அடைச்சிருந்தா ரத்தம் எப்படிங்க எறங்குது?"
"சின்னச் சின்னக் குழாய் வழியா சுத்திப் போகுதாம்."
ஒற்றையடிப் பாதை போடுவதில் என் இரத்தமும் தோட்டத்து ஆள்தான்.
கால் தேறாவிட்டால் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து என் பெயரை வெட்டிவிடுவார்கள். என் வேலைக்காகத் தோட்டம் தந்த காம்பரா நிலைக்க மூத்தவள் செல்வி பத்தாம் வகுப்பை விட்டுக் கூடை மாட்டவேண்டும். அதை நினைத்தால்தான் அழுகை.

பெப். 23, திங்கள்
நாளை ஒப்பரேசன். மொட்டை. அவர் சிரிப்பை அடக்க வராந்தாவுக்கு ஓடினார். கொண்டுவந்தவை: சீலை 2, டம்ளர், மாதா படம், சீப்பு. சீப்பு எதற்கோ!

மார்ச் 4, புதன்
இடது பெருவிரல் அசைந்தது!! நர்ஸைக் கூப்பிட்டு இரண்டு தரம் காட்டினேன். மூன்றாம் தரம் வரவில்லை. மிச்சக் கட்டி உள்ளேயே. வருசா வருசம் படம். தலையில் இனிக் கயிறு கூடாது.

மே 11, திங்கள்
தூறல். காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வேலைக்குப் பெயர் எழுதும்போது கணக்கப்பிள்ளை, "கூடை தூக்க ஏலாதுன்னா செல்வி பேரப் போட்டுருவமா?" என்றார். டொக்டர் எழுதித் தந்த துண்டை நீட்டினேன்.
"எம் பேரையே போடுங்கய்யா. தலையில தானே கூடாது? கையி ரெண்டும் இருக்கே."
யோசித்தார். நாற்றுமேடை கிடைத்தது, உட்கார்ந்து பையில் மண் நிரப்பும் வேலை. செல்வி வெள்ளைச் சட்டையில் பள்ளிக்கூடம் போனாள். என் கொழுந்துக் கூடையில் கோழி அடை, பதினொரு முட்டை.
மாலை ஏற்றம் முழுக்க நடந்தே வந்தேன். வாசலில் குனிந்து பார்த்தேன். காலில் செருப்பு இரண்டும் இருந்தன.