எஞ்சின் வண்டிக்கு நாம் எடுத்த ஃபோர்க்

இன்று காலை உன் மனைவி என் கடைக்கு ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நீ எஞ்சின் வைத்து ஓட்டிய உன் சைக்கிள். பெட்ரோலும் எஞ்சின் எண்ணெயும் கலந்த அந்த நெடி அவளுக்கு முன்னால் கடைக்குள் வந்துவிட்டது. வந்தது உன் வண்டி என்று தலையை நிமிர்த்தாமலே தெரிந்துகொண்டேன்.

"இத்த உங்க கைலதான் குடுக்கணும்னு எங்க வூட்டு ஆளு சொல்லிட்டுப் போச்சு பாய். வேற யார் கைலயும் குடுக்காதன்னு ரெண்டு வாட்டி சொல்லிச்சு. பாத்து வித்துக் குடுங்க. வூட்ல இது நிக்கிறதப் பாக்க முடில" என்றாள். உன் சாவுக்கு நான் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவும் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

பிரித்துப் பார்க்காமல் எந்த வண்டியையும் நான் கைமாற்றுவதில்லை. ஏழு வருஷமாக அப்படித்தான். ஹாண்டில்பாரைக் கழற்றி, முன் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் ஃபோர்க்கை உருவினேன். வண்டிக்குள் மறைந்து கிடக்கும் அதன் மேல் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தபோது மூன்று கீறல்கள் தெரிந்தன. அரத்தால் நான் போட்ட கீறல்கள்.

நீ துறைமுகத்துப் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தாய். நான் ராயபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். உன் ஷிப்ட் முடிந்ததும் நேரே என் கடைக்குத்தான் வருவாய். என் அத்தா மவுத்தானபோது சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுக்க என் சொந்தக்காரர்களோடு முண்டியடித்தவன் நீ. "பாயோட அத்தா எனக்கும் நைனாதான், தள்ளுங்கய்யா" என்று நீ போட்ட சத்தத்தைத் தெருவே கேட்டது. அதை நான் மறந்தவன் இல்லை. மறந்திருந்தால் எனக்கு இன்று இவ்வளவு எரியாது.

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்கள் மூர் மார்க்கெட்டில் வந்து குவிந்த காலம் அது. ஒயர்லெஸ் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற சின்ன எஞ்சின் ஒன்றை நீ அங்கே கண்டுபிடித்தாய். குழந்தையைத் தூக்கி வருவதுபோல் அதைச் சாக்கில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து என் பலகைமேல் வைத்தாய்.

"தோஸ்து, இத்த சைக்கிள்ல மாட்டினா இன்னா?"

"மாட்டலாம். அப்புறம் அது சைக்கிள் இல்ல. மனுஷன் மிதிக்கிற வேகத்துக்குப் போட்ட சாமான் எஞ்சினு வேகத்துக்கு நிக்காது" என்றேன்.

"அப்ப நிக்கிற சாமானா எடு. அதுக்குத்தான நீ கீற."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. உன் குப்பத்தில் இருந்த ஏழுமலைக்கு முதல் வண்டி என்று நீதான் முடிவு செய்தாய். அவன் விடியலில் எண்ணூர் கழிமுகத்துக்குப் போய் எறா எடுத்து, சைக்கிளில் மிதித்து மிதித்து ராயபுரம் மார்க்கெட்டுக்கு வருவான். எதிர்க்காற்று அடித்தால் பாதி வழியிலேயே வெயில் ஏறிவிடும், எறாவின் தலை கறுத்துவிடும். எஞ்சின் வண்டி வந்தால் அவன் பிழைப்பே மாறிவிடும் என்றாய். ஏழுமலை அதைக் கேட்டு, வண்டி வருவதற்கு முன்பே ஊரெல்லாம் சொல்லிவைத்தான்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம். புத்தம் புதிதாய்ப் பளபளத்த ரிம்மை எல்லாம் நீ ஆசையோடு எடுத்துக் கொடுப்பாய். நான் கையில் தூக்கிப் பார்த்துத் திரும்ப வைத்துவிடுவேன். பின்சக்கரத்துக்கு ரிக்‌ஷாவுக்குப் போடுகிற தடித்த போக்ஸ் கம்பி எடுத்தேன். பின் ஹப்பும் கனமானதுதான். பிரேக் கட்டைகளைப் பல்லால் கடித்துப் பார்த்து வாங்கினேன், நீ சிரித்தாய். பட்டறையில் நீ கடைந்து கொண்டுவந்த பெல்ட் சக்கரம் மயிரிழை ஆட்டமில்லாமல் சுற்றியது. உன் கை அப்படிப்பட்டது, அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை.

கடைசிவரை கிடைக்காதது ஃபோர்க்தான். மற்ற எது உடைந்தாலும் வண்டி நிற்கும், ஃபோர்க் உடைந்தால் ஆள் முகம் மண்ணில். கடைசி ஞாயிறு, பட்டாளத்துச் சைக்கிள் ஒன்றின் ஃபோர்க் அகப்பட்டது. கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பானரால் தட்டினேன். கோயில் மணிபோல இழுத்துக்கொண்டு ஒலித்தது. கடைக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் தூள் தூவி வைத்தோம். விரிசல் இருந்தால் உள்ளே நின்ற எண்ணெய் கசிந்து கோடாகக் காட்டிக்கொடுக்கும். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். கோடு வரவில்லை. "கல்யாணப் பொண்ணு மாதிரி கீதுடா" என்றாய். அப்போதுதான் அரத்தை எடுத்து மூன்று கீறல் போட்டேன். நல்ல சாமானுக்கு நான் வைக்கிற அடையாளம் அது.

வண்டியைப் பூட்டி முடித்த பிறகு, பெல்ட் நேராக ஓடவில்லை, பட்டறையில் வைத்துச் சரி செய்கிறேன் என்று இரண்டு நாள் எடுத்துப் போனாய். திரும்பி வந்தபோது முன்பக்கமெல்லாம் கறுப்புப் பெயிண்ட்.

"உப்புக் காத்துக்குத் துருப் புடிச்சிரும், அதான் அட்ச்சு வுட்டேன்" என்றாய்.

நான் பிரித்துப் பார்க்கவில்லை. உன் கையிலிருந்து வந்த வண்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பதினோரு நாள் ஏழுமலை ராஜாமாதிரி ஓட்டினான். பன்னிரண்டாம் நாள் திருவொற்றியூர் தாண்டி ஒரு பள்ளத்தில் ஃபோர்க் முறிந்தது. பின்னால் இரண்டு கூடை எறா. அத்தனை கனமும் அவனைத் தூக்கிக் குப்புற அடித்தது. வலது கண் போயிற்று. வலது மணிக்கட்டு கடைசிவரை சரியாகக் கூடவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுக்கு நடுவில் தெரிந்த அவன் வாய், "எறா இன்னா ஆச்சு?" என்றுதான் முதலில் கேட்டது.

முறிந்த துண்டுகளைக் கடைக்குக் கொண்டுவந்து துடைத்தேன். மேல் குழாயில் கீறல் இல்லை. கறுப்பைச் சுரண்டினால் உள்ளே சாதாரண சைக்கிள் ஃபோர்க், தகரம்போல மெலிசு. உன்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் காட்டினேன். உன் முகம் வெளுத்தது. பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்டாய்.

"இன்னொரு எஞ்சினு கெடச்சுது பாய். எனக்கு ஒரு வண்டி கட்டிகினு இருந்தேன். புதுசா வந்துகீற மோட்டார் ஃபாக்டரி துரை அத்தப் பாக்கறேன்னு சொல்லிகீறாரு, புட்ச்சுப்போனா மேஸ்திரி வேல. அந்த மாதிரி ஃபோர்க் வேற எங்கியும் கெடைக்கல, அதான் அத்த எடுத்து என் வண்டில போட்டுகினேன். ஒரு மாசம் தாங்கும், அதுக்குள்ள மாத்திரலாம்னு நெனச்சேன்."

"அவன் மூஞ்சியப் பாத்தியா நீ?"

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாய். "ஒரு வாரம் குடு. நானே ஊர் முன்னால சொல்றேன். நீ வாயத் தொறக்காத, என் வாயால வரணும்" என்றாய். அது நியாயமாகப் பட்டது. முறிந்த துண்டுகளையும் நீயே எடுத்துப் போனாய்; ஊருக்குக் காட்ட வேண்டும் என்றாய். கொடுத்தேன்.

குப்பத்தில் பஞ்சாயத்து கூடியது. பெரியவர் உன்னைத்தான் முதலில் கேட்டார். நீ எழுந்து நின்றாய். நான் உன் வாயையே பார்த்தேன்.

"சைக்கிள் சாமான் எல்லாம் பாய் எடுத்தது. நான் எஞ்சினு மட்டும்தான்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாய். சொன்ன சொல்லில் ஒன்றுகூடப் பொய் இல்லை. சாமான் எல்லாம் நான் எடுத்ததுதான். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஏழுமலையின் அம்மா எழுந்து வந்து என் எதிரில் ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றினாள். "முறிஞ்ச துண்ட எடுத்துக் காட்டச் சொல்லுங்க, அவனக் கேளுங்க" என்றேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "எந்தத் துண்டு?" என்றார் பெரியவர். குப்பத்துப் பிள்ளை ஒருவன்மேல் வெளியாள் பழி போடுகிறான் என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பிறகு உன்னைத் தனியாக மடக்கிக் கேட்டபோது, "கடல்ல போட்டுட்டேன் பாய்" என்றாய். என்னைப் பார்க்காமல் சொன்னாய்.

குப்பத்து வண்டிகள் என் கடைக்கு வருவது நின்றது. பிறகு மற்றவர்களும். 'கண்ணெடுத்த பாய்' என்று ஒரு பேர் ஒட்டிக்கொண்டது. ராயபுரத்துக் கடையை மூடிவிட்டுத் தண்டையார்பேட்டையில் இந்தச் சந்துக்கு வந்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். நீ மேஸ்திரி ஆனாய். உன் எஞ்சின் சத்தம் வாரத்துக்கு இரண்டு தடவை மெயின் ரோட்டில் போகும். ஒரு நாளும் சந்துக்குள் திரும்பவில்லை. முதல் இரண்டு வருஷம் திரும்பும் என்று காத்திருந்தேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

உன்னைவிட நான் பயந்தது ஏழுமலையைப் பார்க்க. வலை பின்னிக்கொண்டு அவன் உட்கார்ந்திருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போவேன். எதிரில் வந்துவிட்டால் தலையைக் குனிந்துகொள்வேன். குற்றம் என்னுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும், உன் கையிலிருந்து வந்ததைப் பிரித்துப் பார்க்காமல் கொடுத்தவன் நான்தானே என்று அந்த மூடிய கண் கேட்பதாகவே இருக்கும்.

இன்று மத்தியானம் அந்த ஃபோர்க்கை எடுத்துக்கொண்டு நேரே அவனிடம் போனேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்து, கீறல்களைக் காட்டி, ஆதியிலிருந்து சொன்னேன். அவன் வலைக்கயிற்றை விடவில்லை. நான் முடித்ததும் சொன்னான்.

"தெரியும் பாய்."

"இன்னா தெரியும்?"

"ஆஸ்பத்திரில நாலாம் நாளே வந்து சொல்ட்டான். என் காலப் புட்ச்சுகினு அழுதான். எந்தம்பிய ஃபாக்டரில சேத்து வுடறேன்னான், சேத்தும் வுட்டான். ஊர்ல வாயத் தொறக்காத, பாய் கைல நான் வந்ததயே சொல்லாதன்னான்."

பஞ்சாயத்துக்கு முன்னாலேயே. நான் மண்ணை வாங்கிக்கொண்டு நின்றபோது உனக்குத் தெரியும், கட்டோடு ஓரத்தில் படுத்திருந்த அவனுக்கும் தெரியும்.

"நான் உன்னப் பாத்துத் தலையக் குனிஞ்சிகினு போவனே ஏழுமல. அதப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றான். வலையில் ஒரு முடிச்சைப் போட்டு இறுக்கிவிட்டு, "வாயத் தொறந்தா தம்பி வேல பூடும் பாய்" என்றான். அவனுக்கு மிச்சம் இருந்த ஒரு கண்ணில் தண்ணீர் நின்றது. அவனை என்னால் திட்ட முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

இந்த வண்டியை என் கையில் கொடுக்கச் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரியாமல் இல்லை. நீ செத்த பிறகு நான் பிரிப்பேன், கீறலைப் பார்ப்பேன், நீ மன்னிப்புக் கேட்கிறாய் என்று புரிந்துகொள்வேன். என் எதிரில் நிற்காமலே சொல்லிமுடித்துவிட்டாய். உன் மனைவியிடம் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. வண்டியை விற்றுக் கொடுத்துவிடுவேன், அவள் எனக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை.

என்னிடம் மிச்சம் இருப்பது ஒரு சண்டை. உன்னோடு போட வேண்டியது. என்ன சொல்ல வேண்டும், எதில் ஆரம்பிக்க வேண்டும் என்று ஏழு வருஷமாக மனசுக்குள் சேர்த்து வைத்தது. இன்றைக்கு அதோடு ஒன்று சேர்ந்திருக்கிறது. கண்ணை இழந்தவன் முன்னால் போய் நின்று, காலைப் பிடித்து அழுது, எல்லாவற்றையும் சொல்லும் தைரியம் உனக்கு இருந்ததே. அதைவிடச் சின்ன தைரியம்தானே வேண்டியிருந்தது, என் கடைக்கு வர?

நீ வந்திருந்தால் திட்டியிருப்பேன். கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். அப்புறம் டீ சொல்லியிருப்பேன்.