உன் படத்துக்கு முன்னால வாங்கின கையெழுத்து

என் ஆசை நாத்தனார் பஞ்சுவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகுது. திவசத்துக்கு என்ன சமைக்கலாம்னு கேக்கத்தான் எழுதுறேன்னு நெனச்சுறாத. இது உன் மக மேல உன்கிட்ட வைக்கிற பிராது. உன் மகன்னு பேருதான், சுகந்தி பாதி நாள் என் மடியில வளர்ந்தவ. அவ செஞ்சத உன்கிட்ட சொல்லாம வேற யாருகிட்டடி போய் சொல்லுவேன்?

இந்தக் கடுதாசிய நம்ம மாதர் சங்கத்துப் பொம்பளைங்க முன்னால வாசிக்கப்போறேன். அப்புறம் நம்ம செய்தி மடல்லயும் போடச் சொல்லிட்டேன். வீட்டு விஷயத்த வெளிய சொல்றாளேன்னு நாலு பேரு பேசுவாங்க. பேசட்டும். வீட்டுக்குள்ளயே வச்சிருந்ததாலதான் நமக்கு இவ்வளவும் வந்துச்சு.

நம்ம ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துல மழை விட்டபாடில்ல. நீ இருந்த காம்பராவுல உன் அண்ணன் வெறகு அடுக்கி வச்சிருக்காரு. திட்டிப் பாத்துட்டேன், மனுஷன் காதுலயே வாங்கல. உன் கதிரைய மட்டும் தூக்கிட்டு வந்து நம்ம வாசல் இஸ்தோப்புல போட்டிருக்கேன். அதுல உக்காந்துதான் எழுதுறேன்.

மொதல்ல பழசைச் சொல்லிடுறேன். உனக்குத் தெரிஞ்ச கததான், ஆனா கேக்குற சின்னப் பொண்ணுங்களுக்குத் தெரியாதே. சுகந்திக்கு அப்ப நாலு வயசு. உன் புருஷன் வெறகுக் கட்டையால அடிச்சு உன் வலது கைய ஒடிச்சான். நாம ரெண்டு பேரும் நடந்தே டவுனுக்கு இறங்கினோம், புள்ள என் இடுப்புல.

போலிஸ்ல இருந்த ஐயாவுக்குத் தமிழ் தெரியாது. நீ அழுதுகிட்டே சொன்ன. நான் எனக்குத் தெரிஞ்ச அரைகுறை சிங்களத்துல எடுத்துச் சொன்னேன். அவரு எழுதினாரு எழுதினாரு, ரெண்டு பக்கம் எழுதினாரு. கடைசியில இந்த எடத்துல போடுன்னு விரலால காட்டினாரு. ஒடிஞ்ச கைய மடியில வச்சுக்கிட்டு இடது கையால உன் பேர எழுதின. அப்பாடா, முறைப்பாடு குடுத்துட்டோம்னு ரெண்டு பேரும் வந்துட்டோம்.

மறுநாள் அவன் அந்தத் தாளோட நகல ஆட்டிக்கிட்டே வாசல்ல வந்து நின்னான். "சமாதானமாப் போறேன்னு நீயே சைன் வச்சிட்ட, இனி எங்கடி போவ?" அப்படின்னு சிரிச்சான். அந்தச் சிரிப்ப நான் இன்னும் மறக்கல. அவன விட்டு நீ வெளிய வர இன்னும் மூணு வருஷம் புடிச்சுது.

சங்கம் தொடங்கின அன்னிக்கே நீ ஒரு சட்டம் போட்ட. எந்தத் தாளா இருந்தாலும் ரெண்டு பேரு, ரெண்டு வாட்டி, சத்தமா வாசிக்கணும். அதுக்கப்புறந்தான் பேனாவத் தொடலாம். சிங்களத் தாளுன்னா, டவுன்ல டீச்சரா இருந்து பென்ஷன் எடுத்த நம்ம நஸீமா ராத்தா வந்து தமிழ்ல சொல்லணும். தடுப்பூசி அட்டையக்கூட ரெண்டு வாட்டி வாசிக்கச் சொல்லி உயிர வாங்குவ. "ஏன்டி, இதுலயுமா?"ன்னு நான் கேட்டா, "இதுலயுந்தான் மதினி, பழகட்டும்"னு சொல்லுவ.

நாம கேட்டது பெரிய விஷயமா பஞ்சு? ஸ்டேஷன்ல பொம்பளைங்களுக்குன்னு ஒரு மேசை, அந்த மேசையில தமிழ் தெரிஞ்ச ஒரு பொம்பளப் போலிஸ். அவ்வளவுதான். பொம்பளையும் ஆம்பளையும் சமம்னு அரசாங்கம் மேடையில சொல்லுது, வெளிநாட்டுக் கூட்டத்துல போயும் சொல்லுது. தமிழ்ல முறைப்பாடு குடுக்கலாம்னு சட்டமும் இருக்கு. அப்ப அத எழுதிக்கிற ஆளு எங்கன்னு கேட்டுத்தான் வருஷக்கணக்கா டவுன்ல உள்ள அரசாங்க ஆபிஸ் படி ஏறினோம். மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை தவறாம. அங்க உள்ள பியூன் நம்மளக் கண்டாலே "மேசை நோனாலா வந்துட்டாங்க"ன்னு சிரிப்பான். நாம மேசைக்கார அம்மாங்களாம்.

அப்பத்தான் பிரதேச சபைத் தேர்தல் வந்துச்சு. பொம்பளைங்களுக்கு இடம் ஒதுக்கணும்னு சட்டம் இருக்கப்போய், ஒரு கட்சிக்காரங்க நம்ம வாசலத் தேடி வந்தாங்க. சுகந்தி பிலிமத்தலாவையில மருந்து விக்கிற பாமசியில வேலைக்கு நின்னவ, மூணு பாஷையும் பேசுவா, வேற யாரக் கேப்பாங்க? நாம லயம் லயமா, வீடு வீடா ஏறி ஓட்டுக் கேட்டோம். எனக்கு முழங்கால் வீங்கிப்போச்சு. அவ ஜெயிச்ச சேதிய ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டுத்தான் நீ கேட்ட.

"இனி கதவுக்கு வெளிய நிக்க வேணாம் மதினி. நம்ம புள்ள உள்ளுக்கு இருக்கா"ன்னு என் கையப் புடிச்சுச் சொன்ன. அவகிட்டயும் கேட்ட, "மேசை வருமாடி?"ன்னு. "வரும்மா, சத்தியமா"ன்னு சொன்னா. நான் பக்கத்துலதான் நின்னேன். அந்த நேரம் அவ பொய் சொல்லலன்னுதான் இப்பவும் நம்புறேன். நம்புறது சரியான்னு நீதான் சொல்லணும்.

நீ போய் மூணாம் மாசம் கூட்டத்துக்குக் கூப்புட்டாங்க. ஆபிஸ் பெரிய ஹோல்ல. உள்ள போனா உன் படம்டி! பூமாலை போட்டு, விளக்கேத்தி வச்சிருந்தாங்க. நம்மள வாசல்ல நிக்கவச்ச அதே ஆபிஸ்ல உன் படத்துக்கு மாலை. எல்லாரும் எழும்பி ஒரு நிமிஷம் பேசாம நின்னோம். அப்புறம் சுகந்தி மைக்கப் புடிச்சா. "எங்கம்மா கேட்ட மேசை வந்துருச்சு. நேத்துத்தான் தொறந்தோம்"னு சொல்லி அழுதா. அவ அழ, நாங்க எல்லாரும் அழுதோம்.

கையில மீன் வச்ச மாலு பனிஸும் தேத்தண்ணியும் குடுத்தாங்க. அந்த நேரம் பாத்து ஒரு தாளு சுத்தி வந்துச்சு. மேல நாலஞ்சு வரி சிங்களம், கீழ கோடு கோடா இடம். நஸீமா ராத்தா அன்னிக்கு இல்ல. மகளுக்குப் பிரசவம்னு அக்குறணைக்குப் போயிருந்தாங்க.

நம்ம பொம்பளைங்களப் பத்தி உனக்குச் சொல்லணுமா? காலம் பூரா, விடியக்காலையில பேரு பதியுற பெரட்டுக் களத்துல நின்னவங்க. செக்ரோல்ல பேரு விழலைன்னா நாள் பூரா கொழுந்து எடுத்ததும் வீண். கொஞ்சம் பிந்திப்போனா அரைப்பேருதான், பாதிச் சம்பளந்தான். அந்தப் பயம் எலும்புல ஊறிப்போச்சு. ஒரு தாளு வந்தா, அதுல என்ன இருக்குன்னு யோசிக்கிறதுக்கு முன்னாலேயே நம்ம பேரு விட்டுப்போயிருமோன்னுதான் கை துடிக்குது. "எனக்கு வரல, எனக்கு வரல"ன்னு எண்ணெய்க் கையோட இழுத்து இழுத்துப் போட்டாங்க. போட்டுட்டு திரும்ப வந்து, என் பேரு இருக்கான்னு பாத்தவங்களும் உண்டு.

மேல் லயத்துல புதுசா வாக்கப்பட்டு வந்த தர்ஷினி மட்டும் என் காதுல கேட்டா, "பெரியம்மா, ரெண்டு வாட்டி வாசிக்க வேணாமா?"ன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நம்ம சுகந்தி கூட்டம் புள்ள. வந்தோம்னு வரவு போடுறதுக்கு எதுக்கு வாசிப்பு?"ன்னேன். சொன்னதோட விட்டேனா? "வாசல்ல நிக்கிறவங்கல்லாம் வந்து பேரு போடுங்க"ன்னு சத்தம் வேற போட்டேன். முதல் பேரு என்னோடது. என் வாயில மண்ணள்ளிப் போட.

ரெண்டு வாரத்துக்கு முன்ன அதே தர்ஷினிய அவ புருஷன் அடிச்சு ஒதட்டக் கிழிச்சுட்டான். நம்ம மேசை இருக்கேன்னு தைரியமா ஸ்டேஷனுக்குப் போயிருக்கா. மேசை இருக்குதான். மேல பைல் கட்டும் தண்ணி சுட வைக்கிற கேத்தலும் இருந்துச்சாம். ஆளு இல்ல. வேற ஒரு ஐயா வந்து, சிங்களத்துல எழுதி, இங்க போடுன்னு விரலால காட்டிருக்காரு.

அவ போடல பஞ்சு. "வாசிக்க ஆளு கூட்டிட்டு வாறேன், அப்புறம் போடுறேன்"னு சொல்லிருக்கா. அப்ப முறைப்பாடு இல்ல, வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டாங்க. கிழிஞ்ச ஒதட்டோட மழையில நனைஞ்சுக்கிட்டு நேரா என்கிட்டதான் வந்தா. உன் சட்டத்த நான் மிதிச்சேன், நேத்து வந்த புள்ள காப்பாத்திருச்சு. அவ மூஞ்சியப் பாக்கவே எனக்கு வெக்கமா இருந்துச்சு.

மறுநாளே ஆபிஸுக்குப் போனோம். இந்த வாட்டி ராத்தாவும் வந்தாங்க. ஆபிஸர் நோனா மரியாதையா கதிரை போட்டு உக்கார வச்சாங்க. பைலத் திறந்து, நம்ம தாள எடுத்து, எங்க முன்னால வச்சாங்க. "நீங்கதானே திருப்தின்னு எழுதிக் குடுத்தீங்க? இது கொழும்புக்குப் போய் முடிஞ்ச விஷயமாச்சே"ன்னாங்க.

ராத்தா கண்ணாடியப் போட்டு வாசிச்சாங்க. பாதியில நிறுத்திட்டாங்க. "யா அல்லாஹ்! கனகம், இது வரவுத் தாள் இல்ல. வேற கத எழுதி ஈக்கிது"ன்னாங்க. தமிழ் தெரிஞ்ச பெண் உத்தியோகத்தரோட மேசை நடக்குது, அதால நாங்க பயன் அடைஞ்சோம், இந்தக் கோரிக்கைய இதோட முடிக்கச் சம்மதிக்கிறோம். இதுதான் அதுல இருந்துச்சு. கீழ எண்ணெய்க் கறையோட நம்ம பேருங்க. ஒடிஞ்ச கையோட நீ போட்ட அதே கையெழுத்த, உன் படத்துக்கு முன்னால வச்சு, எங்க எல்லார்கிட்டயும் வாங்கியிருக்காங்க.

ஆபிஸ் ஏமாத்தினதுக்கு எனக்குக் கோவம் வந்துச்சே தவிர அழுகை வரல. அவங்ககிட்ட நாம வேற என்னத்த எதிர்பாத்தோம்? சுகந்திக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது, அவளையும் ஏமாத்திருப்பாங்கன்னுதான் மனசத் தேத்திக்கிட்டு, ஆட்டோ புடிச்சு அம்பிட்டியவுக்கு அவ வீட்டுக்குப் போனேன்.

"அந்தத் தாள்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமாடி?"

"கத்தாதீங்க அத்த, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

தெரியாதுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாமே அவ. நான் நம்பிட்டு வந்திருப்பேன்.

அப்புறம் என்னென்னமோ சொன்னா. கட்சியில ஒரு வேலையாவது முடிச்சுக் காட்டச் சொன்னாங்களாம். மேசை வந்துருச்சு, பின்னால ஆளும் வரும்னு சொன்னாங்களாம். ஒத்துப்போனாத்தான் அடுத்த வாட்டியும் நம்மாளுக்கு சீட்டாம். "நான் உள்ளுக்கு இருக்கிறது உங்களுக்கு நல்லதில்லையா அத்த?"ன்னு கேட்டா.

"ஒரு வாட்டி வாசிச்சுக் காட்டியிருக்கலாமேடி. உங்கம்மா போட்ட சட்டம்தானே?"

"வாசிச்சிருந்தா நீங்க யாருமே போட்டிருக்க மாட்டீங்க அத்த."

அவ ஊத்தின தேத்தண்ணிய அப்படியே வச்சுட்டு எழும்பி வந்துட்டேன். அவ வீட்டுல நான் கை நனைக்காம வந்தது அன்னிக்குத்தான் மொதத் தடவ.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்தக் கையெழுத்துகள வாபஸ் வாங்கி ஒரு கடிதம் குடுக்கணும். ஆபிஸுக்கு ஒண்ணு, கொழும்புக்கு ஒண்ணு. யாரு, எப்படி வாங்கினதுன்னு எழுதணும். அதுலதான் ஒரு கிழமையா, ஏழு நாளும் சண்டை. "தாயில்லாப் புள்ள, அவ பேரு வேணாம். ஆபிஸ்காரங்கன்னு மட்டும் போடுவோம்"னு பாதிப் பேரு. உன் அண்ணன் என்கூடப் பேச்சையே நிறுத்திட்டாரு. "பேரு இல்லாட்டி, நீங்களா விரும்பிப் போட்டதுன்னு ஒரு வரியில முடிச்சுடுவாங்க"ன்னு ராத்தா சொல்றாங்க. தர்ஷினி தையல் போட்ட ஒதட்டோட உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தா.

நீ இருந்தா என்ன செஞ்சிருப்ப பஞ்சு? மகளுக்காக மறைச்சிருப்பியா? இல்ல, என்ன முந்திக்கிட்டு நீயே எழுதியிருப்பியா? எத்தனையோ தடவ கேட்டுப் பாத்துட்டேன். உன் கதிரையில உக்காந்தும் எனக்குப் பதில் வரல.

நேத்துக் காலையில அந்த வாபஸ் கடிதத்த நான் எழுதிட்டேன். நீ அவன விட்டு வந்ததும் அவள வேற ஸ்கூல்ல சேக்குறப்ப அப்பன் பேரோட முதலெழுத்துத்தான் போடணும்னு பெரியாசிரியர் அடம்புடிச்சதும், "அடிச்சவன் எழுத்து என் புள்ளைக்கு வேணாம், என் எழுத்தப் போடுங்க"ன்னு நீ மேசையத் தட்டினதும் ஞாபகம் இருக்கா? அன்னியிலேருந்து அவ ப. சுகந்தி. அவ பேர எழுதப் போனா மொதல்ல உன் எழுத்தத்தான் எழுத வேண்டியிருக்கு. 'ப'ன்னு எழுதிட்டு ரொம்ப நேரம் அழுதேன். அப்புறம் மிச்சத்தையும் எழுதினேன்.

அவளுக்கும் சொல்லி அனுப்பிட்டேன். சங்கத்துக்கு வரட்டும். நம்ம எல்லார் முன்னாலயும் நின்னு, அந்தச் சிங்களத் தாளத் தமிழ்ல, ரெண்டு வாட்டி, தன் வாயால வாசிக்கட்டும். வாசிச்சுட்டு எங்ககூட வரிசையில நின்னு ஆபிஸுக்கு வரட்டும். வந்தா அவ என் புள்ள, நானே சோறு போட்டு ஊட்டுவேன். இன்னும் வரல. உன் படத்துக்கு முன்னால வாங்கினத, சங்கத்துல இருக்கிற உன் படத்துக்கு முன்னாலயே திருப்பிக் குடுக்கட்டும்னுதான் காத்துக்கிட்டு இருக்கேன்.

அவ வந்தாலும் வராட்டியும் இந்த வெள்ளிக்கிழமை நான் படியேறுவேன். அந்த மேசையில தமிழ் தெரிஞ்ச ஒரு பொம்பள உக்காந்து, தர்ஷினி சொல்றத தர்ஷினிக்கே வாசிச்சுக் காட்டுற வரைக்கும் ஒரு வெள்ளிக்கிழமையும் விடமாட்டேன். இது உனக்கு நான் குடுக்குற வாக்கு. உன் மக குடுத்த சத்தியத்துக்கும் சேத்துத்தான்.

இந்தக் கடுதாசிய ராத்தா ஒரு வாட்டி வாசிச்சாங்க. தர்ஷினி ஒரு வாட்டி வாசிச்சா. ரெண்டையும் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடுறேன்.

உன் அண்ணன் பொண்டாட்டி, உன் மதினி,
கனகம்