வெள்ளை வானத்தில் பதினொரு புள்ளிகள்

சென்ற வாரம் போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் ஒரு கடை வாசலில் பிளைவுட் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பசை வாசம் மூக்கில் ஏறியதும் என் கால் தானாக நின்றுவிட்டது. மேலே கிடந்த பலகையை நகத்தால் நீவிப் பார்த்தேன்.

"இது மூணாம் தரம்" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "மெயின்லேண்ட் சரக்கும்மா. ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"மெயின்லேண்டுன்னா கணு இருக்காதா? இங்க பாரும், மூணு இடத்துல கணுவத் தோண்டிட்டு மாவு அடைச்சிருக்கான்."

"உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

எனக்கு வேண்டாம். நான் பலகை வாங்கப் போகவே இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் இதை உனக்கு எழுத வேண்டும் என்று தாளை எடுத்துவிட்டேன். "கடைக்காரன்கூடவும் சண்டையா?" என்று நீ பதில் போடுவாய். அப்புறம்தான் தை மாதமே நீ போய்விட்டாய் என்பது உறைத்தது. உன் மகள் போனில் சொன்னாள். நானும் "சரிம்மா" என்றேன்.

எடுத்த தாளை வைக்க மனமில்லை. உன்னிடம் நான் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்றே ஒன்று உண்டு. ஐம்பது வருஷமாகச் சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நாம் இருவரும் ஒரே கப்பலில் இந்தத் தீவுகளுக்கு வந்திறங்கியவர்கள். உன் அப்பா வன இலாகாவில் குமாஸ்தா, என் அப்பா காட்டில் மரம் தள்ளும் கூலி. நாம் குடியேறிய லாங் ஐலண்டில் அப்போது எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். உன்னைப் போர்ட் பிளேருக்கும் பிறகு மெயின்லேண்டுக்கும் கப்பலேற்றினார்கள். என்னை ஒட்டுப்பலகை மில்லுக்கு அனுப்பினார்கள். கணக்கில் ஒவ்வொரு பரீட்சையிலும் நான் உன்னைவிட ஒரு மார்க்காவது கூட வாங்குவேன். இதை நீயே ஒத்துக்கொண்டிருக்கிறாய், ஆகையால் எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை.

நீ படித்து முடித்த புத்தகங்கள் கப்பலில் எனக்கு வரும். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பாய்: "ஏட்டி, இந்தப் பக்கம் எனக்கு வெளங்கல. உனக்கு வெளங்கினா எழுது." நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை ஒரு வாரம் படிப்பேன். விளங்கினால் எழுதுவேன். விளங்காவிட்டால் புத்தகம் தப்பு என்று எழுதுவேன். இரண்டு முறை புத்தகம் உண்மையிலேயே தப்பாக இருந்தது.

மில்லில் என் வேலை தரம் பிரிப்பது. குர்ஜன் மரத்தைச் சுழற்றிச் சீவி, காகிதம் போல மெல்லிய தகடாக எடுப்பார்கள். நான் ஒவ்வொன்றையும் வடக்கு ஜன்னலில் பிடித்து, கணு எத்தனை, கீறல் எங்கே என்று பார்த்து அடுக்குவேன். பத்து வருஷத்தில் கண் அதற்கே பழகிவிட்டது.

அந்தக் கண்தான் உனக்கு வேண்டியிருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் நீ வானாய்வுக்கூடத்தில் சேர்ந்து, விண்மீன் திரள்களில் புது விண்மீன்கள் எங்கே பிறக்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தாய். பிறக்கும் இடத்தில் வாயு சூடாகிச் சிவப்பாக ஒளிரும், சிவப்புக் கண்ணாடி வைத்துப் படமெடுத்தால் அந்த இடம் புள்ளியாக விழும் என்று எழுதினாய். அந்தப் புள்ளிகளை ஒருவர் எண்ண வேண்டும். "இங்க இருக்கவங்களுக்கு நான் எத்தனை எதிர்பாக்கேன்னு தெரியும். அதைப் பாத்தே எண்ணுதாங்க. உனக்குத்தான் என்கிட்ட பயமே கெடையாது" என்று சொல்லி, படங்களை அட்டைக்குள் வைத்துக் கப்பலில் அனுப்பினாய்.

எல்லாம் நெகடிவ் படங்கள். வானம் வெள்ளை, விண்மீன்கள் கருப்பு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதே ஜன்னலில் பிடித்து எண்ணுவேன். எங்கள் வங்காளி ஃபோர்மேன் ஒருநாள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். சுருள் சுருளாகக் கைவிரித்திருந்த ஒரு விண்மீன் திரள். இத்தனை கோடி விண்மீன்களைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "அரே தீதி, இத்னா கணு! ரிஜெக்ட்ல போடு." இதை எழுதியபோது நீ வானாய்வுக்கூடத்தில் சொல்லிச் சிரித்ததாகப் பதில் வந்தது.

முதல் மூன்று கட்டுகளிலும் என் எண்ணிக்கையும் உன் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. நான்காவது கட்டு மழைக்காலத்தில் வந்தது. அதில் ஒரு திரளில் நான் பதினொன்று கூடுதலாக எண்ணியிருந்தேன். எல்லாம் வெளி ஓரத்தில், வாயு மெலிந்துபோன இடத்தில். அங்கே பிறப்பே இல்லை என்பது உன் கட்சி.

நீ எழுதினாய்: "ஏட்டி, கோவிக்காத. மழைக்காலம்லா. பூஞ்சையா இருக்குமோ?"

கோவிக்காமல் எப்படி இருப்பது? மரத்தில் கணுவையும் கறையையும் பிரித்தறிந்து சோறு தின்கிறவள் நான். என்னிடம் பூஞ்சையா என்று கேட்கிறாய். இரண்டு வருஷம் உனக்குக் கடிதம் போடவில்லை. நீ கப்பல்தோறும் போட்டாய். அதற்கிடையே என் எண்ணிக்கையை விட்டுவிட்டு உன் கட்டுரை அச்சாகி வந்தது. வெளி ஓரத்தில் பிறப்பில்லை என்றது.

பிறகு ஒரு மாசி மாதம் நீயே வந்து இறங்கினாய். பக்கத்துத் தீவு ரங்கத்திலிருந்து படகில், மடியில் ஒரு அட்டைப்பெட்டியோடு. வாசலில் நின்றுகொண்டு, "உள்ள வரலாமா, இல்ல இப்படியே திரும்பணுமா?" என்றாய்.

"படகு போயிட்டு. வேற என்ன செய்வ, வா" என்றேன்.

பெட்டியில் அதே படத்தின் இன்னொரு பிரதி இருந்தது. சாப்பிடக்கூட உட்காராமல் ஜன்னலோரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாய். என் படத்தில் பதினொன்றையும் பென்சிலால் வட்டமிட்டிருந்தேன். நீ ஒவ்வொன்றாக உன் படத்தில் தேடினாய். திடீரென்று என் கையைக் கிள்ளிவிட்டாய்.

"ஏட்டி! இது என் படத்துலயும் இருக்குட்டி! இதும் இருக்கு! நான் விட்டுட்டேன்! கண்ணு குருடாட்டி எனக்கு?"

இரண்டு. உன் கட்டுரையே தப்பாகிறது, நீ குதிக்கிறாய். அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் யார் முகத்திலும் பார்த்ததில்லை.

மீதி ஒன்பதும் உன் படத்தில் இல்லை. நீ தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாய்.

"உன் பிரதிய ஒழுங்காக் கழுவியிருக்க மாட்டாங்க. அதான் விழல" என்றேன்.

நீ உன் பிரதியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாய். அப்புறம், "இருக்கும்" என்றாய். "சோறு போடு, பசிக்கு."

அதன்பிறகு நீ எனக்கு எந்தப் படத்தையும் ஒற்றையாக அனுப்பியதில்லை. எப்போதும் இரண்டு பிரதிகள். "எங்க ஆளுக சரியாக் கழுவுறதில்லைன்னு நீதான் சொன்னேல்லா" என்று ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தாய். சந்தேகப்படுகிறாள் என்று அன்றைக்கு எனக்கு எரிச்சல். குற்றத்தை உன் பக்கம் எடுத்துக்கொண்டு எனக்கு வேலையைத் தொடர்ந்து கொடுத்தாய் என்று விளங்க எனக்கு வயதாக வேண்டியிருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் உன் கட்டுரைக்கு நீயே திருத்தம் எழுதினாய். வெளி ஓரத்திலும் பிறப்பு உண்டு, நான் கவனிக்கத் தவறினேன், மற்றொருவரின் எண்ணிக்கையில் தெரிந்தது என்று. மற்றொருவர்! பெயரில்லை. டிகிரி இல்லாத பெயரைப் போட மேலே ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். "நான் இன்னும் சண்டை போட்டிருக்கணும், ஏட்டி" என்றும் எழுதினாய். ஆமாம், போட்டிருக்க வேண்டும். அதில் என் மனது இன்றைக்கும் இறங்கவில்லை. நீ செத்துப்போனாய் என்பதற்காக இறங்கவும் இறங்காது.

பிற்பாடு நீ மிகத் தொலைவில் உள்ள திரள்களுக்குப் போய்விட்டாய். அங்கே கைகளும் தெரியாது, புள்ளிகளும் தெரியாது, ஒரு மங்கல்தான். எண்ண எனக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் கண்டுபிடித்ததை எழுதுவாய். அந்த ஒளி கிளம்பிய காலத்தில் விண்மீன்கள் இப்போதைவிட மளமளவென்று பிறந்தன என்று ஒருமுறை எழுதினாய். "நம்ம ரங்கத் மாதிரிட்டி. கப்பல் கப்பலா ஆள் எறங்கின வருஷம் காட்டை வெட்டி வெட்டி வீடு மொளைச்சுது. பெறவு மெதுவாயிட்டு." உன் சக ஆய்வாளர்கள் யாருக்கும் இந்த உதாரணம் கிடைத்திருக்காது. எனக்குக் கிடைத்தது. எத்தனையோ பேர் உன்னைப் பெரிய விஞ்ஞானி என்று மாலை போட்டார்கள். எனக்கு நீ, தான் தவறவிட்ட இரண்டு புள்ளிக்காகக் குதித்தவள். அந்தக் குதிப்புதான் இன்றும் என்னோடு இருக்கிறது.

சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மாசியில் நீ படகேறிப் போன மறுநாள் மத்தியானம், மில் ஜன்னலில் என் படத்தை மறுபடி விரித்தேன். முந்தானை நுனியை எச்சில் தொட்டு ஒரு வட்டத்துக்குள் மெல்லத் துடைத்தேன். புள்ளி துணியில் வந்துவிட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. ஒன்பதும் வந்துவிட்டன. நாற்றத்தில் அது பூஞ்சைதான் என்று அப்போதே தெரிந்தது. மறு கப்பலுக்கே எழுதியிருக்கலாம். நீ உலகம் பார்க்க அச்சில் ஒத்துக்கொண்டாய், என்னால் உன் ஒருத்தியிடம் முடியவில்லை.

உன் படத்திலும் இருந்த அந்த இரண்டையும் கூடத் துடைத்துப் பார்த்தேன். அழுத்தித்தான் துடைத்தேன். அவை போகவில்லை.