மிதிபட்ட குருத்தோலை

என்னங்க,

இன்று குருத்தோலை ஞாயிறு. காலை மாதா கோயில் வாசலில் ஈரச் சாக்கை அவிழ்த்தார்கள். குருத்தோலை வாசனை வந்ததும் நீங்கள் மொனராகலை பஸ்ஸிலிருந்து இறங்கி வருவது போலவே இருந்தது. ஸ்பிரிங்வெளி மலைக் குளிரில் தென்னை ஏது? ஒவ்வொரு வருடமும் நீங்கள்தானே கீழே போய்க் கட்டிக்கொண்டு வருவீர்கள். இப்போது யாரோ லொறியில் கொடுத்தனுப்புகிறார்கள்.

"ஓலை பிடிச்சு வரவேத்த அன்னைக்குச் சாமி குதிரையில வந்திருந்தா சனம் ஒதுங்கி நின்னிருக்கும். கழுதையில வந்ததாலதான் கிட்டப் போய்த் தொட முடிஞ்சிச்சு" என்பீர்கள். எல்லோருக்கும் பணிந்தே பழகிய மனிதருக்குக் கழுதையைத்தானே பிடிக்கும் என்று நான் கேலி செய்வேன். சிரித்துக்கொள்வீர்கள்.

யுத்த காலத்தில் ஒரு வருடம் என் தம்பியையும் துணைக்குக் கூட்டிப் போனீர்கள். திரும்பும் வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஓலைக்கட்டுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்க ஒரு சிப்பாய் அதை வெட்டி, ரோட்டில் கொட்டி, பூட்ஸ் காலால் மிதித்தான். நீங்கள் குனிந்து பொறுக்கியதற்குக் கன்னத்தில் ஓர் அறை. அறை வாங்கியும் பொறுக்கினீர்களாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் தம்பி உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"அவன் காலடியில குனிஞ்சீங்களே மச்சான்" என்றான்.

"ஓலைக்குத்தான் குனிஞ்சேன் தம்பி, அவனுக்கில்ல" என்றீர்கள்.

அவன் காதில் அது ஏறவில்லை. ஒரே வாரத்தில், உயிர்த்த ஞாயிற்றுக்கு முன்பே, வடக்கே போய் இயக்கத்தில் சேர்ந்துவிட்டான். செத்தான் என்ற செய்தி மட்டும் வந்தது. உடல் வரவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு குருத்தோலைப் பூசையிலும் நீங்கள் இருவருக்காக வேண்டச் சொன்னீர்கள், என் தம்பிக்கும் அந்தச் சிப்பாய்க்கும். அடித்தவனுக்கு என்ன செபம் என்று சண்டை பிடிப்பேன். "அவனுக்கும் ஒரு அக்கா இருப்பால்ல" என்பீர்கள். நான் அழுதுவிடுவேன்.

நீங்கள் கண்ணை மூடிய பின் இதுதான் முதல் குருத்தோலை ஞாயிறு. பூசைக்கு முன் வேண்டுதல் பட்டியலோடு உபதேசியார் வந்து, "யார் யாருக்கு வேண்டணும் அக்கா?" என்று கேட்டார். உங்களைச் சொன்னேன். தம்பியைச் சொன்னேன். அவர் நகராமல் நின்றார்.

"அந்த ஆமிக்காரப் பையனுக்கு? அண்ணே எப்பவும் சொல்லுவாரே."

தம்பியின் முகம் கண்முன் வந்தது.

"அவனையும் சொல்லுங்க" என்றேன்.

பூசையில் சொன்னார். கோயில் முழுக்க ஆமென் என்றது. நான் சொல்லவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லைங்க. ஆனாலும் நீங்கள் சுமந்த அந்தப் பேர் தெரியாதவனை இனி நான்தான் சுமக்க வேண்டும். அடுத்த வருடம் உபதேசியார் கேட்கும் முன் நானே சொல்லிவிடுவேன். ஆமென் மட்டும் எப்போது வரும் என்று தெரியவில்லை.