துவைக்காத சேலை

அன்புள்ள அம்மாவுக்கு,

அனுசுயா எழுதுவது. உன் மூட்டுவலி குறைந்ததா? அப்பா திராட்சைக்கு மருந்தடிக்கும்போது முகத்தில் துணி கட்டுகிறாரா? நாங்கள் நலம். போனில் சொன்னால் உடனே புனேவுக்கு ரயில் ஏறிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

பாப்பாவைக் காப்பகத்தில் சேர்த்துவிட்டோம். சுத்தமான இடம், கேமராகூட உண்டு. தொட்டில்தான் கிடையாது, பாயில் படுக்க வைக்கிறார்கள். பகலில் அவள் தூங்குவதில்லை. ஆபீசில் இருந்தபடி கேமராவில் அதைப் பார்க்கிறேன். தப்பான இடத்தில் விட்டுவிட்டோமோ என்று தோன்றுகிறது. "பிள்ளைய இங்கன விட்டுட்டுப் போன்னு உங்கப்பா சொன்னாக, நீ கேக்கல" என்று நீ சொன்னதும் நினைவுக்கு வருகிறது.

பெற்றவள் கட்டிய பழைய சேலையை விரித்தால் தூங்குவாள் என்று அங்கே பார்த்துக்கொள்ளும் அக்கா ஒன்று கேட்டார். நான் எங்கே சேலை கட்டுகிறேன்? கடையில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதில் புரண்டு புரண்டு அழுதாளாம்.

ஊரில் இருந்தவரை உன் சேலைத் தொட்டிலில்தானே தூங்கினாள். அந்த ஊதா சுங்குடியைப் பார்சலில் அனுப்பு. நீ கட்டி அவிழ்த்தபடியே, துவைக்காமல் அனுப்பு.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. பாப்பாவுக்குப் பாதிச் சேலை போதும். மீதி எனக்கு.

உன் மகள்,
அனுசுயா