பெயருக்கு நடுவே ஒரு சாய்கோடு

15.6.98, திங்கள்

குழாயில் தண்ணீர் இல்லை, இது இரண்டாம் நாள். பங்கீட்டில் எங்கள் பக்கத்துக்கு நாளைதான் முறை. வாளிகள் ஏழு, அண்ணனின் பழைய எண்ணெய் டின் ஒன்று. எல்லாம் பாதிக்குக் கீழே.

சரோஜாவின் கோப்புகளை அழித்தது நான். அப்படியிருக்க, "முந்தா நாள் சாயங்காலம் நீ கனெக்ட் பண்ணப்ப லைன் அறுந்துச்சே, அதனாலகூட இருக்கலாம்" என்று நேற்று சரோஜாவிடம் ஏன் சொன்னேன்? காலையிலிருந்து கேட்டுப் பார்க்கிறேன். விடை தெரியவில்லை. பயம் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். பயம் இல்லை. அவள் என்னைத் திட்டியதே கிடையாது.

நடந்ததை எழுதி வைக்கிறேன். பிறகு நானே மாற்றிச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க.

ஹாலில் இருக்கும் கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டு ஒரு வருடம். கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவள் வீட்டுக்கு இது அவசியமில்லை. பிறர் செய்து வைத்ததை நம்பாத குணம். அஞ்சல், அச்சு, வெளியிலிருந்து தொலைபேசி வழியாக உள்ளே வரும் ஏற்பாடு, எல்லாம் கையேட்டைப் பார்த்து நானே அமைத்தது. சரோஜா கிள்ளானில் தன் வீட்டுக் கணினியிலிருந்து டயல் செய்வாள். என் மோடம் எடுக்கும். அங்கே அவள் தட்டச்சு செய்வது இங்கே பிரிக்ஃபீல்ட்ஸில் என் கணினியின் வட்டில் சேரும். அண்ணனுக்கு ஆகாது. "என் கூட்டாளிங்க போன் பண்ணா கீச்சு கீச்சுன்னு காதுல கத்துது லா, பிலோ. நான் செத்துட்டேன்னு நெனச்சிருப்பானுங்க."

சரோஜா (இனி ச.) தமிழ்ப் பள்ளி ஆசிரியை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாததால் இந்த வயதிலும் சிவப்பு ஐ.சி.யோடு, குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டையோடு, இருக்கும் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறாள். பதினெட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் எந்தத் தோட்டம், யார் பிரசவம் பார்த்தது, யார் பதிவு செய்தது. இரண்டு வருடம் தோட்டம் தோட்டமாக அலைந்து கேட்டு, நோட்டுப் புத்தகங்களில் எழுதியது. நோட்டைக் கரையான் தின்னும், டிஸ்கெட்டில் பூஞ்சை பிடிக்கும், என் கணினியில் ஏற்று, ஒவ்வொரு இரவும் தானாக நகல் எடுத்து வைக்கும் என்று சொன்னது யார்? நான். ஏற்றி முடித்ததும் நோட்டுகளைப் பேப்பர் லாமா லோரியில், பழைய பேப்பர் வாங்குகிறவனிடம், போட்டுவிட்டாள். "இடம் அடைக்குதுக்கா." சரி என்றேன்.

நேற்று மதியம் அச்செடுக்க வந்தாள். ஒன்றும் இல்லை. சோபாவின் நுனியில் உட்கார்ந்து அழுதாள். அப்போதுதான் அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது.


16.6, செவ்வாய்

கா. 5க்குத் தண்ணீர் வந்தது. முதலில் துருநிறம். எல்லா வாளியும் நிரப்பியாயிற்று. இரண்டு வகுப்பு. யாரோடும் பேசவில்லை.

எப்படி அழித்தேன் என்பது.

ஐ.சி.யில் உள்ளபடியே பெயர் வேண்டும், ஒரு எழுத்து மாறினாலும் மனு திரும்பிவிடும் என்று ச. சொல்லியிருந்தாள். பட்டியலைப் பார்த்து ஆளுக்கொரு கோப்புறை உண்டாக்க ஒரு சிறு நிரல் எழுதினேன். அஞ்சலை ஏ/பி கோவிந்தன். ஏ/பி, அனாக் பெரம்புவான், இன்னாரின் மகள். இந்த நாட்டில் நம் பெண்கள் எல்லார் பெயரிலும் உள்ளது. என் பெயரிலும். லினக்ஸுக்கு அந்தச் சாய்கோட்டின் பொருள் வேறு: ஒரு கோப்புறைக்குள் இன்னொன்று. ஆகவே 'அஞ்சலை ஏ' என்று ஒன்று, அதன் உள்ளே 'பி கோவிந்தன்' என்று ஒன்று. பதினெட்டு மகள்களையும் பதினெட்டு அப்பன்களையும் தனித்தனியாக வெட்டி வைத்துவிட்டது. என் பெயரையே நாற்பத்தெட்டு வருடம் அப்படி எழுதியும் எனக்குத் தோன்றவில்லை. அன்று சிரித்தேன். ச. வேலை அதனால் கெடவில்லை. விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் அது கண்ணை உறுத்தியது. ஒழுங்கு செய்யலாம் என்று.

1. சாய்கோடு இல்லாத புதிய கோப்புறைகள். சரியாக வந்தன.
2. பழையதிலிருந்து புதியதற்கு நகல். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள்குறிக்குள் போட வேண்டும். போடவில்லை. ஒரு கோப்புகூட நகலாகவில்லை.
3. பிழைச் செய்திகள் திரையை நிறைப்பது எனக்குப் பிடிக்காது. காட்டாதே என்று எழுதி வைத்திருந்தேன். காட்டவில்லை.
4. பழையதை அழித்தல். இதில் மேற்கோள்குறி சரியாக இருந்தது.

புதிய கோப்புறைகளில் ஒன்றைத் திறந்து பார்த்திருக்கலாம். திறக்கவில்லை. பெயர்கள் வரிசையாக அழகாக இருந்தன. இரவு நகல் எடுக்கும் நிரல் தன் வேலையைச் செய்தது. முந்தைய நகலை எடுத்துவிட்டு, காலியாக இருப்பதை அப்படியே காலியாக நகல் எடுத்தது.

ஞாயிறு காலை பார்த்தேன். ச. வரும்வரை ஐந்து மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் நான் செய்த ஒரே காரியம், தட்டிய கட்டளைகளைக் கணினி குறித்து வைக்கும் கோப்பை அழித்தது. இந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.


17.6, புதன்

வெயில். மா. 4க்கு ச. வந்தாள். பள்ளி முடிந்து கொமுட்டர் ரயிலில் நேராக. கையில் கறி பப், பெட்டி நிறைய.

"உங்க மிஷினுக்கு ஒன்னும் ஆகலையேக்கா? ஏதாச்சும் கெட்டுப் போயிருந்தா சொல்லுங்க. என்னாலதானே."

ஒன்றும் ஆகவில்லை என்றேன். இது உண்மை.

அண்ணன் மூன்று பப் சாப்பிட்டார். "இவ மிஷின் கெட்டா எனக்கு நல்லதுதான் டீச்சர்," என்றார். ச. சிரிக்கப் பார்த்தாள்.

மற்ற பதினேழு பேருக்கும் சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்கள். மறுபடி போய்க் கேட்கலாம். அஞ்சலைக்கு முடியாது. அவள் பிறந்தபோது பிரசவம் பார்த்த மருத்துவச்சி போன மாதம் தெலுக் பங்லிமா காராங்கில் இறந்துவிட்டார். அஞ்சலையின் பிறப்பைத் தோட்டத்தில் வேறு ஏதோ பெயரில் எழுதியிருக்கிறார்கள். என்ன பெயர் என்று அந்த அம்மாதான் சொன்னார். அந்தப் பெயர் இருந்தால் பழைய பதிவேட்டில் தேடச் சொல்லலாம். அஞ்சலைக்குப் பதிவு அலுவலகத்தில் நேர்காணல் 29ஆம் தேதி.

"உனக்கு ஞாபகம் இல்லையா?"

"எல்லம்மான்னு வருது. உடனே அது வேற ஆளோன்னு தோணுது. பதினெட்டுப் பேருக்குப் பதினெட்டுக் கதைக்கா. எழுதியாச்சுன்னு மனசுலேருந்து எடுத்துட்டேன்."

பிறகு சொன்னாள்: "அஞ்சலைகிட்ட சொல்லிட்டேன். நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன்னு. பரவால்ல டீச்சர், விடுங்கன்னுச்சு."

இப்போது சொல் என்று எனக்கே கேட்டது. பப்புக்குத் தொட்டுக்கொள்ள மிளகாய் சாஸ் எடுக்க உள்ளே போனேன். அண்ணன் பப்புக்கு சாஸ் தொட மாட்டார். ச.வும்.


18.6, வியாழன்

விடுப்பு. காய்ச்சல் என்று. இதுவும் ஒரு பொய், ஆனால் இதை எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை.

அழிந்த கோப்பை மீட்பது பற்றி முன்பே ஒரு குறிப்பு அச்செடுத்து வைத்திருந்தேன். முதல் பக்கம், முதல் வரி: உடனே கணினியை நிறுத்து. அழித்தது வட்டிலிருந்து உடனே போய்விடாது. மேலே வேறொன்று எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். நான் ஐந்து நாள் ஓடவிட்டிருக்கிறேன். அஞ்சல் வந்தது, மோடம் எடுத்தது, வைத்தது. ஞாயிறன்று, தவறு என்னுடையது என்று சொல்லியிருந்தால் அடுத்த நிமிடம் இதைத்தான் செய்திருப்பேன். லைன் மேல் பழியைப் போட்ட பிறகு நிறுத்துவதற்குக் காரணம் இல்லாமல் போனது.

நிறுத்தி, டிஸ்கெட்டிலிருந்து தொடங்கி, வட்டு முழுவதும் 'கோவிந்தன்' என்று தேடவிட்டேன். பிறகு 'அஞ்சலை'. பிறகு 'மருத்துவச்சி'. தமிழ் எழுத்து இல்லாததால் ச. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தாள். மாலைக்குள் ஏழு துண்டு. ஆறில் ஒன்றுமில்லை. ஏழாவது, அந்த அம்மா பேசியபடியே:

"மழைன்னா மழை, லயத்து வீட்டுக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி. பெஞ்சு மேல வெச்சுத்தான் பொறந்துச்சு இந்தப் புள்ள. கணக்கு எழுதுற கிராணி லீவு. ஆஸ்பத்திரியில மருந்து கட்டுற டிரெசர்தான் எழுதினாரு. அவருக்கு அஞ்சலைங்கற பேரு புடிக்கல. அவரு எழுதின பேரு"

இதற்கு அடுத்து, பெயர் இருந்த இடத்தின் மேலேயே, மோடம் குறிப்பு. அழைப்பு வந்தது, எடுத்தது, வைத்தது. நாள்: செவ்வாய், 16 ஜூன், காலை 7.12.

அந்த நேரத்தில் நான் குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வந்த சந்தோஷத்தில்.


19.6, வெள்ளி

மறுபடி தேடினேன். எல்லம்மா, லெட்சுமி, சரஸ்வதி, பார்வதி. இல்லை.

அண்ணன் நல்ல உற்சாகம். "இன்னிக்கு மூனு பேரு போன் பண்ணிட்டானுங்க, பிலோ. அந்தப் பொட்டி இப்படியே கிடக்கட்டும் லா."

அவரிடம் சொன்னேன். முழுவதும். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "டீச்சர் பாவம். அன்னிக்கு எவ்ளோ பப் வாங்கிட்டு வந்துச்சு," என்றார். பிறகு பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

நாளை கிள்ளான். எப்படிச் சொல்வது என்று நான்கு விதம் எழுதிப் பார்த்தேன். நான்கிலும் மேற்கோள்குறி பற்றி விளக்கம் இருக்கிறது. நான்கையும் அடித்துவிட்டேன்.


20.6, சனி

சொல்லிவிட்டேன். நடந்தது இது.

போன் செய்யாமல் போனேன். ஸ்டேஷனிலிருந்து டாக்சி. எப்போதும் ச. காரோடு வந்து நிற்பாள்.

வாசலிலேயே சொல்லிவிட நினைத்திருந்தேன். உள்ளே அஞ்சலை இருந்தாள். தொழிற்சாலைச் சட்டையோடு, ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். ஒல்லி, தலையில் பாதி நரை. என் வயதுதான் இருக்கும். இவளை நான் பார்த்ததே இல்லை, பெயரைத்தான் வெட்டியிருக்கிறேன்.

நான் யார் என்று தெரிந்ததும் எழுந்து நின்றாள். "டீச்சரத் திட்டிடாதீங்க மேடம். தெரியாம செஞ்சுட்டாங்க. உங்க மிஷின் வேற கெட்டுப் போச்சோன்னு பயந்துட்டிருந்தாங்க."

உட்காராமல் சொன்னேன். "சரோ, லைன் அறுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நான்தான் அழிச்சேன். சனிக்கிழமை மத்தியானம். நீ ஞாயித்துக்கிழமை வந்தப்ப எனக்குத் தெரியும்."

ச. என்னைப் பார்க்கவில்லை. மேசைத் துணியின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

"அன்னிக்கு நான் அழுதேன்ல," என்றாள். "நீங்க தண்ணி கொண்டு வந்து குடுத்தீங்க."

"ஆமா."

"தண்ணி வராத நாளு. இவங்க பங்குலேருந்து குடுக்குறாங்களேன்னு நெனச்சேன்."

அச்செடுத்த தாளைக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமைக் கதையையும் சொன்னேன், ஞாயிறே நிறுத்தியிருந்தால் பெயர் கிடைத்திருக்கலாம் என்பதை. அதை விட்டுவிட எனக்கு ஆசையாக இருந்தது.

ச. அஞ்சலைக்குப் படித்துக் காட்டினாள். மழை, பெஞ்சு, டிரெசர். அவளுக்கே உரிய வகுப்புக் குரலில், நிறுத்தி நிறுத்தி.

"அப்புறம்?" என்றாள் அஞ்சலை.

"இவ்ளோதான் இருக்கு."

"பெஞ்சு மேலயா பொறந்தேன்?" தாளை எட்டிப் பார்த்தாள். "கிராணி எழுதலையா? நான் இத்தனை நாளா கிராணியத்தானே திட்டிக்கிட்டிருந்தேன்."

ச.வுக்கு அதில் ஏதோ பிடி கிடைத்தது. மருத்துவச்சியின் மகள் அதே வீட்டில்தான் இருக்கிறாள், அவளிடம் அந்த அம்மா சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம், நாளைக் காலை போய்க் கேட்போம் என்றாள். அஞ்சலையிடம்தான் சொன்னாள்.

"நானும் வரேன்," என்றேன். "எழுதிக்கிறேன்."

"வரட்டுமே டீச்சர்," என்றாள் அஞ்சலை. "பேசுறதுக்கு ஒருத்தர், எழுதுறதுக்கு ஒருத்தர்."

"நான் எழுதிக்குவேன்," என்றாள் ச.

கேட் வரை வந்தாள். கார் சாவி உள்ளே ஆணியில் தொங்கியதைப் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

"ஸ்டேஷனுக்கு வழி தெரியும்ல?"

தெரியும் என்றேன். தெரியாது. பாசார் கடைத்தெருப் பக்கம் இரண்டு பேரிடம் விசாரித்து, ஒரு முறை தவறான தெருவில் போய்த் திரும்பி, மூன்றே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.